ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குத் தன்னார்வலர்கள்: வரவைப்பதும் வந்தவரைத் தக்கவைப்பதும்

1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் கூடும் யூஸ்நெட் குழு (அக்கால இணைய விவாத மன்றம்) ஒன்றில் சின்ன அறிவிப்பு ஒன்றைப் போட்டார். இலவச இயங்குதளம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குக்காகத்தான். பாஷ் என்ற கட்டளைக் கருவியும் ஜிசிசி என்ற கம்பைலரும் அதில் ஏற்கெனவே ஓடுகின்றன. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். யோசனைகள் வரட்டும், ஆனால் எல்லாவற்றையும் செய்து தருவேன் என்று உறுதி சொல்ல முடியாது. சாரம் இவ்வளவுதான். லினக்ஸ் அங்கிருந்துதான் கிளம்பியது.

தன்னார்வலர்களைச் சேர்க்க நினைக்கும் எவருக்கும் அந்த அறிவிப்பு இன்றைக்கும் நல்ல பாடம். "எல்லோரும் வாருங்கள், உதவுங்கள்" என்ற பொதுவான அழைப்பு அதில் எங்கும் இல்லை. இதில் அக்கறை உள்ளவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தில் போய்ப் பேசினார். இப்போது எது வேலை செய்கிறது என்று சொன்னார். யாரும் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார். தன்னால் முடியாததை வாக்குக் கொடுக்கவில்லை.

முதலில் அடிப்படை. ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். அதைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் அனுமதிக்கும். அந்த நிரலில் யார் வேண்டுமானாலும் மாற்றம் செய்து "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பலாம். இப்படி அனுப்புவதற்கு, நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். அதே போன்ற தளமான கிட்லேப்பில் மெர்ஜ் ரிக்வெஸ்ட். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் இன்னமும் மின்னஞ்சலில் பேட்ச் என்று அனுப்புகிறார்கள். வந்ததைப் படித்துப் பார்த்து, திருத்தம் சொல்லி, சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் மெயின்டெய்னர். இந்த இரண்டு பேருக்கும் இடையில் நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அனுப்புகிறவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. லினக்ஸ் கெர்னலில் இன்று சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி நிறுவன ஊழியர்கள் வேலை நேரத்தில் எழுதியது. ஆனால் நாம் தினமும் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கான சிறிய, நடுத்தரத் திட்டங்கள் மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் யாரோ உட்கார்ந்து செய்வதால்தான் ஓடுகின்றன. அவர்கள் வருவதற்குக் காரணங்கள் பல. தான் பயன்படுத்தும் கருவியில் ஒரு பிழை எரிச்சலூட்டியிருக்கும். வேலை தேடும்போது காட்டுவதற்கு ஏதாவது வேண்டியிருக்கும். நல்ல நிரல் எழுதுபவர்களிடம் கற்றுக்கொள்ள ஆசை இருக்கும். சிலருக்கு அந்தக் குழுவில் இருப்பதே சந்தோஷம். காரணம் எதுவானாலும், அவர்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. "இதை வெள்ளிக்கிழமைக்குள் முடி" என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவர் நாளை வராவிட்டால் ஏன் என்று கேட்கவும் முடியாது. அதனால் அலுவலகத்தில் ஆள் எடுத்து வேலை வாங்கும் முறை இங்கே செல்லுபடியாகாது.

தட்டுப்பாடு எங்கே?

"எங்களுக்கு ஆள் இல்லை" என்று சொல்லாத திட்டம் இல்லை. ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், எழுத ஆள் இல்லை என்பதைவிட, எழுதி வந்ததைப் படிக்க ஆள் இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை நிலை. பதில் வராத புல் ரிக்வெஸ்ட்கள் மாதக்கணக்கில் கிடக்கும். அனுப்பியவர் எப்போதோ போயிருப்பார். அந்த நிலையில் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டால் குவியல் பெரிதாகும், அவ்வளவுதான். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தை, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவரிடம் இருந்துதான் எடுக்க வேண்டும். தன்னார்வத் திட்டத்தில் அந்த "ஏற்கெனவே இருப்பவர்" ஒருவராகவோ இருவராகவோ இருப்பார், அவருக்கும் வாரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கும்.

ஆள் வந்தால் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபர் நல்ல உதாரணம். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியை நடத்திவருகிறது. அந்த மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் கிடைக்கும் என்பது அந்த ஆண்டின் ஏற்பாடு. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் பலர், திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, எந்தப் பொருளும் இல்லாத ரிக்வெஸ்ட்களை ஆயிரக்கணக்கில் அனுப்பத் தொடங்கினார்கள். அவற்றை மூடுவதே மெயின்டெய்னர்களுக்கு வேலையாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவித்தார்கள். இன்றைக்கு அதே தொல்லை வேறு வடிவில் வருகிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நொடியில் எழுதிய, இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிய புகார்கள், இணையம் வழியே தரவை அனுப்பிப் பெறும் கருவியான கர்ல் திட்டத்துக்குத் தொடர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் பொய் என்று உறுதிசெய்ய ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆள் சேர்க்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாதம் புதிதாக மூன்று பேர் வந்தால், அவர்களுக்குப் பதில் சொல்லப்போவது யார்? பெயர் சொல்லிக் குறிப்பிட முடிந்தால் அழைக்கலாம். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது பதிலாக வந்தால், இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

வீட்டைத் திறக்கும் முன்

உரிமக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் எதுவும் போடாத நிரலைப் பொதுவில் வைத்தாலும், அதை மாற்றவும் பகிரவும் மற்றவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. அப்புறம், பங்களிப்பதற்கான வழிகாட்டிக் கோப்பு. அதில் நீங்கள் விரும்பும் நிரல் நடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவதைவிட, கேள்வி கேட்க எங்கே வர வேண்டும், பதில் வர எவ்வளவு நாளாகும், எந்த மாதிரி மாற்றங்களை ஏற்க மாட்டோம் என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், திட்டத்தைத் தன் கணினியில் ஓடவைக்கும் படிகள். புதியவர்களில் பலர் நிரலை எழுதத் தொடங்கும் முன்பே, இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள். தேவையான லைப்ரரியின் பதிப்பு பழையதாக இருக்கும். டேட்டாபேஸுக்கு ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது. விண்டோஸில் ஒரு கட்டளை வேலை செய்யாது. ஐந்து வருடமாக அதே கணினியில் வேலை செய்கிற உங்களுக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. எதுவும் நிறுவாத புதுக் கணினியிலோ, ஒரு விர்ச்சுவல் மெஷினிலோ, நீங்கள் எழுதிய படிகளை அப்படியே பின்பற்றிப் பாருங்கள். இன்னும் நல்லது, திட்டத்தைப் பார்த்தே இராத ஒரு நண்பரை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

முதல் வேலையை எப்படிக் கொடுப்பது

கிட்ஹப்பில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்று ஒரு லேபிள் உண்டு. புதியவர்கள் எடுத்துச் செய்ய ஏற்ற வேலை என்று அர்த்தம். லேபிளை ஒட்டுவது எளிது. அந்த வேலையைப் புதியவருக்குப் புரியும்படி எழுதிவைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. பல இடங்களில் பார்க்கக் கிடைப்பது இப்படி இருக்கும்:

"எக்ஸ்போர்ட்டில் தேதி தப்பாக வருகிறது. சரிசெய்யவும்."

எழுதியவருக்கு எல்லாம் தெரியும். புதியவருக்கு எதுவும் தெரியாது. அதே வேலையை இப்படியும் எழுதலாம்:

"அறிக்கையை சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது நாளும் மாதமும் இடம் மாறிவிடுகின்றன. மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 ஆகிறது. எக்ஸ்போர்ட் ஃபோல்டரில் தேதி எழுதும் ஃபங்ஷனைப் பாருங்கள். திரையில் தேதியைக் காட்டும் ஃபங்ஷன் சரியாக இருக்கிறது, அதையே இங்கும் அழைத்தால் போதும் என்று நினைக்கிறேன். கூடவே அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். இந்த நிரலோடு பழக்கம் இல்லாதவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், நான் பார்க்கிறேன்."

என்ன தப்பு, எங்கே பார்க்க வேண்டும், எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம், யாரைக் கேட்பது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. சரி, இதை எழுதும் நேரத்துக்குள் நானே அந்தப் பிழையைச் சரிசெய்துவிடுவேனே என்று தோன்றும். உண்மைதான். அனுபவம் உள்ளவர்கள் சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் தாங்களே முடித்துவிடுவதால்தான், புதியவருக்குக் கடினமான வேலைகள் மட்டும் மிச்சமாகின்றன. அவசரம் இல்லாத எளிய வேலைகளை வேண்டுமென்றே தொடாமல் வைத்திருப்பதும் மெயின்டெய்னரின் கடமைதான் என்பேன். அதோடு, ஒருவரே ஐந்தாறு "முதல் வேலை"களை எடுத்துக்கொண்டிருந்தால், அவரை அடுத்த படிக்கு நகர்த்தி, அவற்றை வருகிறவர்களுக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

முதல் பதில்

முதல் புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். பொதுவெளியில், தன்னைவிட அனுபவம் உள்ளவர்கள் முன்னால், தன் பெயரோடு ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு நாள் போகிறது. மூன்று நாள் போகிறது. பத்தாவது நாளில் அவருடைய ஆர்வம் வேறு எங்கோ போயிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா தன் பங்களிப்பாளர்களைப் பற்றி ஆராய்ந்தபோது, 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ (அனுப்பியதைப் படித்துச் சொல்லும் கருத்து) கிடைத்தவர்கள் மறுபடியும் வந்து பங்களிப்பது மிக அதிகமாக இருந்ததைக் கண்டது. இரண்டு நாளுக்குள் முழு ரிவ்யூ செய்ய எல்லோராலும் முடியாது. ஆனால் "வந்து சேர்ந்தது, நன்றி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுத முடியும். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பார்க்கவும் வேண்டும்.

பதிலின் தொனியும் அதே அளவு முக்கியம். மேலே சொன்ன தேதிப் பிழையை ஒருவர் சரிசெய்து அனுப்புகிறார், டெஸ்ட் எழுத மறந்துவிட்டார் என்று வையுங்கள். "டெஸ்ட் எங்கே? வழிகாட்டியைப் படிக்கவில்லையா?" என்று கேட்டால் அவர் மறுபடி வர மாட்டார். இப்படி எழுதலாம்: "நன்றி. ஓட்டிப் பார்த்தேன், தேதி இப்போது சரியாக வருகிறது. பிப்ரவரி 29-க்கு ஒரு டெஸ்ட் சேர்த்தால் இணைத்துவிடலாம். பக்கத்திலேயே ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் சுலபம்." கேட்பது அதே டெஸ்ட்தான். இடைவெளி, வரி நீளம் போன்ற சங்கதிகளை மனிதர் சொல்லவே கூடாது. அதற்கென்று இருக்கும் ஃபார்மேட்டர் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியும் வரும். அதைச் சீக்கிரம் சொல்வதுதான் மரியாதை. பிடிக்காத ரிக்வெஸ்ட்டை மூடவும் மனமில்லாமல், ஏற்கவும் மனமில்லாமல் ஆறு மாதம் தொங்கவிடுவதைவிட, "இது நல்ல யோசனைதான், ஆனால் இதைப் பராமரிக்க எங்களால் முடியாது, தனி பிளக்இன்னாகச் செய்தால் நாங்கள் ரீட்மீயில் சுட்டி கொடுக்கிறோம்" என்று இரண்டாவது நாளே சொல்லிவிடலாம்.

யார் எதைச் செய்கிறார்கள்

ஐந்து பேர் வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதற்கு மேல் போனால், எந்தப் பகுதிக்கு யாரைக் கேட்பது என்று எழுதிவைத்தே ஆக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு, பேட்ச் எங்கே போக வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் உண்டு. நீங்கள் எழுதிய பேட்ச்சை அதற்குக் கொடுத்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். சிறிய திட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை, பத்து வரிகள் போதும்.

வேலையை எடுத்துக்கொண்டவர் மௌனமாகிவிடுவது அடிக்கடி நடக்கும். தேர்வு வந்திருக்கலாம், வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், கஷ்டமாக இருந்து சொல்லக் கூச்சப்படலாம். இரண்டு வாரம் கழித்து "எப்படிப் போகிறது? நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, வேறு யாராவது எடுக்கலாம் என்று போட்டுவிடுகிறேன்" என்று கேளுங்கள். இந்த விதியை வழிகாட்டியில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், கேட்பவருக்கும் சங்கடம் இல்லை, கேட்கப்படுபவருக்கும் இல்லை.

முடிவுகளை எழுத்தில் எடுப்பது இன்னொரு பழக்கம். உலகின் இரண்டு மூலைகளில் இருப்பவர்களில் ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்கு நள்ளிரவு. வீடியோ அழைப்பில் நான்கு பேர் பேசி முடிவெடுத்துவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த ஐந்தாமவருக்குத் தன் திட்டம் தன் கையைவிட்டுப் போய்விட்டது போலிருக்கும். 1999-இல் தொடங்கிய அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில், முன்மொழிவை எழுத்தில் வைத்து, வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நகர்வார்கள். நிரல் மாற்றத்தை ஒருவர் தடுக்க நினைத்தால், தொழில்நுட்பக் காரணத்தோடு சொல்ல வேண்டும். கட்டளையிட யாரும் இல்லாத இடத்தில் வேலை முடங்காமல் இருக்க நான் பார்த்த முறைகளில் இதுதான் மிக எளியது.

யார் இறுதி முடிவு எடுப்பார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பைத்தான் நிரல் மொழியில் அது நீண்ட காலம், அதை உருவாக்கிய கீடோ வான் ராசமாகவே இருந்தது. 2018 ஜூலையில், மொழியில் ஒரு புதிய தொடரமைப்பை (எழுதும் முறையை) சேர்ப்பது பற்றிய கடுமையான விவாதத்துக்குப் பிறகு அவர் விலகினார். அடுத்து என்ன என்று எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. பல மாதம் விவாதித்து, வாக்கெடுத்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்று விதியும் வைத்தார்கள். பைத்தானுக்கு அதைத் தாங்கும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

நிரல் எழுதாதவர்களை மறந்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்பவர், ஆவணம் எழுதுபவர், பிழைப் புகார்களைப் பிரித்து ஒழுங்குபடுத்துபவர், வடிவமைப்பவர் எல்லோரும் தன்னார்வலர்களே. அவர்களுக்குத் தேவையான ஒருங்கிணைப்பும் வேறு மாதிரி. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வார இறுதி முழுக்க உட்கார்ந்து மெனுக்களை முடித்திருப்பார். வெளியீட்டுக்கு முந்தைய நாள் நிரலாளர் ஒருவர் பத்துச் சொற்றொடர்களை மாற்றிவிட்டால் அந்த இடங்களில் மறுபடி ஆங்கிலம் வந்து நிற்கும். இதனால்தான் லினக்ஸ் கணினியின் திரை இடைமுகமான க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே திரையில் வரும் சொற்களை மாற்றத் தடை போட்டுவிடுகின்றன. வெளியீட்டுக் குறிப்பில் பெயர் போடும்போதும் இவர்கள் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியைக் கொடுப்பது

நன்றாகப் பங்களிப்பவருக்குக் காலப்போக்கில் கூடுதல் பொறுப்பும் அனுமதியும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் பழையவர் தலையிலேயே நிற்கும். மென்பொருள்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் திட்டத்தில் இது ஏணி போல எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: உறுப்பினர், ரிவ்யூ செய்பவர், ஒப்புதல் தருபவர் என்று படிகள். ஒவ்வொரு படிக்கும் என்ன செய்திருக்க வேண்டும், யார் பரிந்துரைக்க வேண்டும் என்று வெளிப்படையாக இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது, அடுத்தவர் அனுப்பியதை ரிவ்யூ செய்வதும் ஒரு படி என்பது. பற்றாக்குறையே அங்கேதானே இருக்கிறது.

ஆனால் களைத்துப்போன ஒருவர் அவசரத்தில் சாவியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2024 மார்ச்சில் உலகமே பார்த்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். அதைப் பல வருடமாக ஒரே ஒரு தன்னார்வலர் பார்த்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக, பயனுள்ள பேட்ச்களை அனுப்பிவந்தார். "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று வேறு சில பெயர்களில் நெருக்கடியும் வந்தது. கடைசியில் ஜியா டான் இணை மெயின்டெய்னர் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் நிரலை ஒளித்துவைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

இதைப் படித்துவிட்டுப் புதியவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால், சரியான ஆட்களையும் இழந்துவிடுவோம். அந்த மெயின்டெய்னர் தனியாக இருந்ததுதான் அங்கே உண்மையான ஓட்டை. முக்கியமான மாற்றங்களை இரண்டு பேர் பார்த்த பிறகே இணைப்பது, வெளியீட்டுக் கோப்புகளை ஒருவர் தன் கணினியில் தயாரிக்காமல் பொதுவில் எல்லோரும் சரிபார்க்கும்படி தயாரிப்பது, அனுமதிகளைத் தேவையான அளவு மட்டும் கொடுப்பது என்று எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். 2014 ஏப்ரலில், இணையத் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோதும் இதுவே தெரியவந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடத்தை விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2014-இல் வந்த கான்ட்ரிபியூட்டர் கவனென்ட் என்ற வரைவைப் பல திட்டங்கள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. எடுத்துவைப்பதில் சிரமமில்லை. யாராவது ஒருவர் இன்னொருவரை அவமதித்தால் யாரிடம் சொல்வது, அதை யார் விசாரிப்பார் என்று ஒரு பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். நிறைய நிரல் எழுதுகிறார் என்பதற்காக ஒருவருடைய முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டால், அவரால் விலகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

போகிறவர்களும்

தன்னார்வலர்கள் ஒரு நாள் போவார்கள். குழந்தை பிறக்கும், வேலை மாறும், ஆர்வம் தீரும். அது துரோகம் இல்லை. மூன்று மாதம் வந்துவிட்டு நன்றி சொல்லிப் போனவரும் திட்டத்துக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். சொல்லாமல் போவதுதான் கஷ்டம். ஆகவே விலகுவதைச் சொல்ல எளிதாக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லா மெயின்டெய்னர்களிடமும் "இந்த வருடமும் தொடர்கிறீர்களா?" என்று கேட்டால், போக நினைப்பவருக்கு ஒரு வாசல் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்: டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதைப் புதுப்பிக்கப் பணம் கட்டுவது யார், பேக்கேஜை வெளியிடும் கணக்கின் கடவுச்சொல் யாரிடம், வெளியீட்டில் டிஜிட்டல் கையொப்பமிடும் சாவி எங்கே, நன்கொடை வரும் கணக்கை யார் பார்க்கிறார்கள். எந்த வரியிலாவது ஒரே ஒரு பெயர் இருந்தால், இன்னொரு பெயரைச் சேர்ப்பதே இந்த மாதத்தின் முதல் வேலை. விலகியவரின் அனுமதிகளை அன்றே எடுத்துவிடுங்கள். பெயரை மட்டும் முன்னாள் மெயின்டெய்னர்கள் என்ற தலைப்பின் கீழ், அவர் பார்த்துக்கொண்ட பகுதியோடு சேர்த்து வைத்திருங்கள். அந்தப் பகுதியில் அடுத்து யாருக்காவது பழைய முடிவு ஒன்றின் காரணம் புரியாவிட்டால், யாரைக் கேட்பது என்று தெரியும்.